பேட்டரி மிஷின் வாங்கப் போன சனிக்கிழமை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நடந்ததை முன்னே பின்னே மாற்றிச் சொல்லிவிடுவேன், பாதி மறந்தும் போய்விட்டது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி வந்து, அதற்குச் சாமான் செய்து கொடுக்கிற சின்னக் கம்பெனிகளும் வரிசையாக வந்த காலம். அதில் ஒன்றில் நான் கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் தச்சர். கம்பெனி வேலைக்குத் தெற்கேயிருந்து வருகிற பிள்ளைகளுக்காக எங்கே பார்த்தாலும் வாடகை ரூம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் அவருக்கு வேலைக்குக் குறைவில்லை. அப்போது பார்த்துச் சாரத்திலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கட்டுப் பிரித்த பிறகு சுத்தியல் பிடிக்க முடிந்தது, இழைக்க முடிந்தது. திருப்புளியை வைத்து முறுக்க மட்டும் முடியவில்லை. இரண்டு ஸ்க்ரூவுக்கே கை நடுங்கும்.

மண்ணூரில் ஒரு மேஸ்திரி புது ரூம்களுக்குக் கதவு மாட்டும் வேலையைக் கொடுக்கிறேன் என்றார். கதவுக்கு மூன்று கீல், தாழ்ப்பாள், கைப்பிடி, எல்லாம் ஸ்க்ரூதான். வயர் வைத்த மிஷினில் முறுக்கலாம் என்றால் அந்தக் கட்டடத்துக்கு இன்னும் கரண்ட் வரவில்லை.

"ஞாயித்துக்கெழம சொல்றேன்னு வந்துட்டேன். முடியாதுன்னுதான் சொல்லப்போறேன்," என்றார் வீட்டுக்காரர் அன்று சாப்பிடும்போது. "எதுனா கம்பெனி கேட்டுல வாட்ச்மேனா குந்திக்கிறேன்." அவர் நாற்காலியில் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

எங்கள் கம்பெனியில் சாமான் பூட்டுகிற லைனில் பெண்கள் கையில் துப்பாக்கி மாதிரி ஒரு மிஷின் இருக்கும். வயர் கிடையாது, அடியில் பேட்டரி. ஸ்க்ரூ தலையில் வைத்து விசையை அழுத்தினால் முறுக்கும். இறுகியதும் 'டக்' என்று தானே நின்றுவிடும். கீழே விழுந்த ஸ்க்ரூக்களைப் பொறுக்குகிற சாக்கில் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். யாரிடமும் வாய் திறந்து கேட்க எனக்குக் கூச்சம். சிவகங்கைப் பக்கத்துக்காரி ஒருத்தி என்னைப் பார்த்தால் சிரிப்பாள். டீ நேரத்தில் அவளிடம் மட்டும் கேட்டேன்.

"அண்ணனுக்காக்கா? மிசினப் பாத்து மயங்கிராதீக. பேட்டரிதான் உசுரு," என்றாள். "வெறுமனே சுத்துனா எல்லாம் நல்லாத்தான் சுத்தும். மரத்துல வச்சு ஓட்டிப் பாக்காம வாங்கிராதீக."

சனிக்கிழமை அவரை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். புது மிஷின் விற்கிற கடையில் விலையைக் கேட்டதுமே இரண்டு பேரும் படியிறங்கினோம். பிறகு ஸ்ரீபெரும்புதூரில், கம்பெனிகள் கழித்துப் போடுகிற சாமான்களை மொத்த லாட்டாக எடுத்து விற்கிற ஒரு பாய் கடைக்குப் போனோம். என் டிபன் பையில் நிலைச் சட்டத்து மரத்துண்டு ஒன்றும், பத்து ஸ்க்ரூவும், கொஞ்சம் சோப்பும் இருந்தன.

வீட்டுக்காரர் போனதுமே பெரிய பேட்டரி டிரில் ஒன்றைத் தூக்கினார். முகமெல்லாம் சிரிப்பு. நான் அதை வாங்கி, மேல் கீல் இருக்கும் உயரத்துக்குப் பிடித்து மனசுக்குள் எண்ணினேன். இருபது எண்ணுவதற்குள் தோள் வலித்தது.

"இத்தத் தூக்கினா உன் கை தாங்காதுய்யா," என்று மெதுவாகச் சொன்னேன். அதற்குச் சார்ஜரும் இல்லை, வேறெங்காவது தேட வேண்டும் என்றார் பாய். கீழே வைக்கச் சொன்னேன்.

பெஞ்சுக்கு அடியில் ஒரு பெட்டி தெரிந்தது. அதில் எங்கள் லைனில் இருப்பது போலவே ஏழு சின்ன மிஷின்கள்.

"அத்த வுடுக்கா," என்றார் பாய். "சார்ஜர் கூட கீது, ஆனா மிஷின்ல தம் இல்ல. பாதி முறுக்குனதும் டக்குனு நின்னுடுது. காயலாங்கடைக்குப் போடத்தான் வெச்சிருக்கேன். வோணும்னா கால் வெலைக்கு எட்த்துக்கோ."

மரத்துண்டில் வைத்துப் பார்த்தோம். பாய் சொன்னது போலவே பாதியில் நின்றது. "வாம்மே, போலாம்," என்றார் இவர்.

அந்த 'டக்' சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். தினமும் காலையில் எங்கள் சூப்பர்வைசர் மிஷினின் மூக்கில் இருக்கிற தகட்டு வளையத்தைத் தள்ளி, உள்ளே மெல்லிய திருப்புளியால் எதையோ திருகி வைப்பார். அதிகம் இறுகினால் பிளாஸ்டிக் உடையும் என்று முறுக்குகிற பலத்தைக் குறைத்து வைப்பது. குறைத்து வைத்ததைக் கூட்டியும் வைக்கலாம் அல்லவா? வீட்டுக்காரர் காதில் சொன்னேன்.

"இன்னாண்ணே, ஊட்டம்மா ரகசியம் பேசுது?" என்றார் பாய்.

இவர் வளையத்தைத் தள்ளி, பெஞ்சில் கிடந்த மெல்லிய திருப்புளியை இடது கையால் விட்டுத் திருகினார். வழுக்கிக்கொண்டு இறங்குவதற்காக ஸ்க்ரூவில் சோப்பைத் தடவி வைத்து அழுத்தினார். தலை மரத்துக்குள் அமுங்கும் வரைக்கும் போய்விட்டு, அப்புறம்தான் நின்றது. பாய் அதைப் பிடுங்காத குறையாக வாங்கித் தானே ஒரு ஸ்க்ரூ முறுக்கிப் பார்த்தார்.

வீட்டுக்காரர் என் காலை மிதித்தார். "வாங்கினு போய் வூட்ல சொல்லக்கூடாதா?"

"இப்போ இது ரிப்பேர் மிஷின் இல்லையேண்ணே. நல்ல மிஷினுக்கு நல்ல வெல," என்று பாய் சிரித்தார்.

கைக்கு வந்ததை என் வாயே கெடுத்துவிட்டது. விடிந்தால் ஞாயிறு, மேஸ்திரியிடம் முடியாது என்று சொல்லிவிடுவார். அந்தப் பயத்தில்தான் பேசினேன் என்று நினைக்கிறேன்.

"பாய், பொட்டியில இன்னும் ஆறு கீது. அல்லாமே இப்படித்தான் இருக்கும். நாங்க வரலன்னா எட போட்டு வித்திருப்பீங்க. அந்த ஆறையும் நல்ல வெலைக்கு வித்துக்கோங்க. எங்களுக்கு மொதல்ல சொன்ன வெலைக்கே குடுங்க. பேட்டரி மட்டும் நான் பாத்து ரெண்டு எட்த்துக்கறேன்."

வேறு யாரோ பேசியது போல வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பாய் குனிந்து பெட்டியில் மிச்சம் இருந்ததை எண்ணினார். "அண்ணே, நீ போய்த் தச்சு வேலையப் பாரு, ஊட்டம்மாவக் கடையில வுட்டுட்டுப் போ," என்றார். சரி என்றும் சொன்னார்.

பிறகு ஏழு பேட்டரியையும் அங்கே இருந்த சார்ஜர்களில் சார்ஜ் போட்டு, ஒவ்வொன்றாக மாட்டி, ஸ்க்ரூவை உள்ளே விட்டு வெளியே எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது ஸ்க்ரூவிலேயே முனகி நின்றது ஒன்று. ஒன்று தொட்டால் சுட்டது. நல்லதாக இரண்டு எடுப்பதற்குள் மதியம் தாண்டிவிட்டது.

"பொண்ணு பாக்கக்கூட இவ்ளோ நேரம் ஆவாதுக்கா," என்று அலுத்துக்கொண்டே பாய் எங்களுக்கு டீ வாங்கித் தந்தார்.

மறுநாள் சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் நேரே மண்ணூர் போனோம். மேஸ்திரி பார்த்துக்கொண்டிருக்க, இவர் நேரே வேலையில் இறங்கினார். கதவுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தினார். ஆணியால் அடையாளக் குழி போட்டு, ஸ்க்ரூவை வைத்து மிஷினை அழுத்தினார்.

"இன்னாப்பா, கை செரியாயிடுச்சா?" என்றார் மேஸ்திரி.

"கை அப்படியேதான் கீது," என்று சொல்லிக்கொண்டே அடுத்த ஸ்க்ரூவை எடுத்தார் இவர்.

தினமும் சாயந்திரம் பேட்டரி இரண்டையும் வீட்டுக்குக் கொண்டு வந்து சார்ஜ் போடுவேன். அந்த வேலையை முடித்த கையோடு மேஸ்திரி அடுத்த கட்டடத்தையும் அவருக்கே கொடுத்தார். வாட்ச்மேன் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

மிஷினில் ஒன்பது புள்ளி ஆறு வோல்ட் என்று எழுதியிருந்ததாக எனக்கு ஞாபகம். பன்னிரண்டு என்கிறார் வீட்டுக்காரர். மண்ணூரில் மாட்டியது பத்துக் கதவா, பன்னிரண்டா என்றும் எங்களுக்குள் இன்னும் தகராறுதான். மிஷின் தெரிந்தவர்கள் வோல்ட்டைச் சரிபாருங்கள். மண்ணூர்ப் பக்கம் இருப்பவர்கள், ஏரிப் பக்கம் பார்த்தபடி இருக்கும், இவர் கதவு மாட்டிய அந்த வரிசை ரூம்களை யாராவது ஒருமுறை எண்ணிப் பார்த்து, நான் எழுதியதில் தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள்.