நாத்தப்பூச்சிக்கும் அடையாளக் கார்டு

கொத்தமல்லித் தழையை ஈரத்தோடு கட்டிவைத்து மறந்துபோய், நாலு நாள் கழித்து அவிழ்த்தால் வருமே ஒரு வாடை, அதுதான் என் சிறுவயதின் வாடை. மல்லிகை, சந்தனம் என்று எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும். என் விரல்களில் இருந்தது "நாத்தப்பூச்சி". முதுகில் கேடயத்தைக் கவிழ்த்தது போல ஓடு இருக்கும். தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது, ராத்திரி சோற்றிலும் அதே வாடை அடிக்கும்.

மலேயாவில், சிரம்பானை அடுத்த லாபுப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்து, சாயங்காலம் ஆறு மணிக்கு அதையும் பூட்டிவிடுவார்கள். பாலுக்கு மரம் வெட்டப் போன பெரியவர்களாவது வெளியே போய் வந்தார்கள். பிள்ளைகளான எங்களுக்கு, பள்ளிக்கூடம் விட்டால், வீட்டுக்குப் பின்னால் அம்மா போட்டிருந்த கத்தரியும் பயற்றங்கொடியும்தான் உலகம். அந்த உலகத்தில் எங்களைவிட அதிகமாகக் குடியிருந்தவை இந்தப் பூச்சிகள்.

அந்தச் சமயத்தில்தான் பெரியவர்களுக்கெல்லாம் படம் பிடித்து, பெருவிரலை மையில் அழுத்தி, "அடையாளக் கார்டு" கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குக் கிடையாது. எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள். எனக்குத்தான் இல்லை, என் பூச்சிகளுக்காவது இருக்கட்டும் என்று சிகரெட் பெட்டி அட்டைகளைக் கத்தரித்து, அடுப்புக்கரியால் படம் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் கார்டு எழுதினேன். பெயர், கருப்பாயி; இருப்பிடம், பயற்றங்கொடி; அடையாளம், முதுகில் வெள்ளைப் புள்ளி. பூச்சி, கார்டு, கரித்துண்டு எல்லாம் மூடியில் ஓட்டை போட்ட பால்டின்னில் ஒன்றாகக் குடித்தனம். கார்டு இல்லாத பூச்சியை வேலிக்கு வெளியே எறிந்துவிடுவேன். சட்டம் என்றால் சட்டம்தானே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டின்னைத் திறந்தால் கருப்பாயியைக் காணோம். பச்சைப் பசேலென்று, இறக்கையோடு, வேறு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கருப்பாயியின் தோல், காலும் மீசையும் உள்பட, காலியாகக் கிடந்தது. இவள் அவளைத் தின்றுவிட்டாள் என்று ஊரைக் கூட்டினேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அடிப் போடி, யாரும் யாரையும் திங்கல. பாம்பு உரிக்கிறதில்ல? அதுமாரி சட்டைய உரிச்சிருக்கு. அதே கழுதைதான்" என்றாள்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முந்தின மாதம் எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது, பிள்ளை பிழைத்தால் மொட்டை போடுவதாக மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். தன் தலையை அல்ல, அப்பாவின் தலையை. பக்தி மிகுதியில் அவருடைய மீசையையும் சேர்த்துவிட்டாள். அது தோட்டத்துக்கே தெரிந்த மீசை. "என்னைக் கேக்காம என் மீசைய எப்புடிடி குடுப்ப?" என்று அப்பா குதித்தார். "புள்ள பெருசா, மீச பெருசா?" என்றாள் அம்மா. அதே ஞாயிற்றுக்கிழமை அப்பா வெளியே போக பாஸ் வாங்கிக்கொண்டு சிரம்பான் கோயிலுக்குப் போனார்.

சாயங்காலம் லாரியில் வந்து இறங்கியவரைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த வாரம்தான் புதிதாக வந்திருந்த மலாய்க்காரப் போலீஸ் கார்ப்பரல் கார்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். கார்டில் சுருள்முடியும் கொம்பு மீசையும். எதிரில் சந்தனம் பூசிய மொட்டை. "லாயின் ஓராங்!" வேறு ஆள் என்று சொல்லிவிட்டார். லயமே கூடி நின்று "அவருதான் லா!" என்று சத்தியம் செய்தது. கார்ப்பரலோ, நீங்களெல்லாம் ஒரே கூட்டம், அப்படித்தான் சொல்வீர்கள் என்றார். கைரேகையைப் பார்க்கலாமென்றால் மைப்பெட்டி ஆபீசுக்குள், ஆபீஸ் சாவி தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணியிடம், கிராணி சிரம்பானில். கேட் பூட்டுவதற்குள் முடிவாகாவிட்டால் போலீஸ் லாரியில் ஏற்றிவிடுவார்கள். அப்படி ஏறியவர்களைக் கப்பலில் வைத்து இந்தியாவுக்கு, ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று அப்போது எங்கும் பேச்சு. "ஊரா? நான் பொறந்ததே இங்கதான், என்னை எந்த ஊருக்கு அனுப்புவானுங்க?" என்று அப்பா கேட்டது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும், கேட்டுக்கு உள்ளே நின்று கேட்டிருந்தால். அம்மா சிரம்பான் இருக்கும் திசையைப் பார்த்து, "ஆத்தா, முடியத்தான குடுத்தேன், ஆள யாரு குடுத்தா?" என்று சாமியோடு சண்டைக்குப் போய்விட்டாள்.

அப்பா இல்லாத வீட்டை நினைக்கவே முடியவில்லை. ஓடிப்போய் டின்னை எடுத்துவந்து கார்ப்பரல் முன்னால் திறந்தேன். "துவான், பாஜு லாயின், ஓராங் சாமா!" என்று எனக்குத் தெரிந்த மலாயையெல்லாம் திரட்டிக் கத்தினேன். சட்டைதான் வேறு, ஆள் அதே ஆள்.

கார்டில் புள்ளி வைத்த கருப்பாயி, டின்னில் பச்சைக் கருப்பாயி, நடுவில் உரித்துப்போட்ட தோல். கார்ப்பரல் குனிந்து மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். பூச்சிக்கெல்லாமா கார்டு என்று கேட்டபடி அவளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். வைத்திருக்கக் கூடாது. கருப்பாயி தன் வேலையைக் காட்டிவிட்டாள். மனிதர் "யா அல்லா!" என்று கையை உதற, அவள் பறந்தே போய்விட, லயம் சிரிப்பை அடக்கமாட்டாமல் முந்தானைக்குள் முகத்தைப் புதைக்க, கடைசியில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டின்னில் கிடந்த கரித்துண்டை எடுத்தார். அப்பாவின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, மேலுதட்டில் மீசை வரைந்தார். கார்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இடது கொம்பை மட்டும் இன்னும் கொஞ்சம் தூக்கினார். அவ்வளவுதான், அப்பா வந்துவிட்டார்!

"சாமா," அதே ஆள்தான் என்று சொல்லிக் கேட்டைத் திறந்துவிட்டார் கார்ப்பரல். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு வீடுவரை நடந்தார். அந்தக் கரிமீசையில் பாதி என் கன்னத்துக்கு வந்துவிட்டது.

அந்தத் தோட்டம் ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனையாகி, செம்பனை வெட்டுப்பட்டு வீடுகளாகி, எங்கள் பயற்றங்கொடி இருந்த இடத்தில் இப்போது யாருடைய காரோ நிற்கிறது. என் பேத்தி நாத்தப்பூச்சியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். போன மாதம் சிரம்பானில் கார்டு புதுப்பிக்கப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் பழைய படத்தையும் என்னையும் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இது நீங்கதானா?" என்றாள். "சட்டைய உரிச்சிட்டேம்மா" என்றேன். அவள் விழித்தாள், விரலை மெஷினில் வைக்கச் சொன்னாள்.

அப்பாவின் பழைய கார்டு, மீசையோடு, என் அலமாரியில் இருக்கிறது. கரித்துண்டு வேண்டுமானால் எங்கேயாவது கிடைக்கும். வரைவதற்கு அந்த முகம்தான் இல்லை.