சனிக்கிழமை நோயாளி

கஞ்சித் தண்ணீரைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும். திண்டிவனத்தில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில், சனிக்கிழமை மத்தியானம் வார்டு ஆயா ஒரு தகரக் குவளை நிறைய அதைக் கொண்டுவருவாள். வாசல் வேப்பமரத்தடியில் பாயை விரித்து, பாதியைப் பாயிலும் மீதியைத் தன் புடவையிலும் ஊற்றிக்கொண்டு படுத்துவிடுவாள். காலராவில் பேதியாகப் போவது கஞ்சித் தண்ணீர் மாதிரிதான் இருக்கும்; அன்றைய காலரா நோயாளி அவள்தான்.

ஐம்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. வெயில் ஏறினால் காலரா, பின்னாலேயே அம்மை. மாட்டு வண்டிகளில் வந்து இறங்கும் கூட்டத்தில் யாரைப் பின்புறக் கொட்டகைக்கு அனுப்புவது, யாரைப் பெஞ்சில் உட்காரவைப்பது என்று வாசலிலேயே பிரிக்க வேண்டும். ஓர் ஆளைத் தப்பாக உள்ளே விட்டால் வார்டே போச்சு. அதற்காக எங்கள் பெரிய சிஸ்டர் ஏற்பாடு செய்த ஒத்திகை இது. ஆயாவுக்கு அவர் சொல்லிவைத்தது ஒன்றே ஒன்று: என்ன ஆனாலும் நடிப்பு என்று ஒப்புக்கொள்ளக் கூடாது. ஆயாவோ அதற்கும் மேலே போவாள். "நெசமாத்தான் நர்ஸம்மா, உசுரு போவுது!" என்று அவள் புரளும்போது நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். விழுப்புரத்திலிருந்து தினமும் ரயில் பிடித்து வந்து, நின்று நின்று கால் கடுத்துப்போன எனக்குச் சிரிக்கக் கிடைத்த நேரம் அது ஒன்றுதான்.

அந்தச் சனிக்கிழமை, ஒத்திகைக்கு அரை மணி முன்பே ஆயா பாயில் கிடந்தாள். புடவை நனைந்திருந்தது. காலையிலிருந்து கூட்டத்தைப் பிரித்தனுப்பி எனக்குத் தலை கிறுகிறுத்தது.

"என்னா ஆயா, அதுக்குள்ள வேஷம் கட்டிக்கினியா?" என்றேன்.

"நெசமாத்தான் நர்ஸம்மா," என்றாள், சன்னமாக.

இன்றைக்கு ரொம்ப நன்றாகச் செய்கிறாள் என்று சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். ஆமாம், டீ குடிக்கப் போனேன். ஆற்றி ஆற்றி நிதானமாகக் குடித்தேன். திரும்பி வந்தபோது பெரிய சிஸ்டர் மண்ணில் மண்டியிட்டு ஆயாவின் கையைப் பிடித்திருந்தார். "கொவள எங்கடி?" என்று என்னைக் கேட்டார். குவளை இல்லை. ஆயா அன்றைக்குக் கஞ்சித் தண்ணீரே கொண்டுவரவில்லை. அவள் கண்கள் குழிவிழுந்து, விரல் நுனிகள் துணி துவைத்த கை மாதிரி சுருங்கியிருந்தன. "நாடியே கெடைக்கலயே, பாவி" என்றார் சிஸ்டர்.

இரண்டு நாள் பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏறியது. ஆயா பிழைத்தாள். அவள் ஆயுசு கெட்டி, அவ்வளவுதான். என் புண்ணியம் அதில் ஒன்றுமில்லை. சிஸ்டர் அதற்குப் பிறகு என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஒரு மாதம் கழித்து மறுபடி ஒத்திகை வைத்தார்கள். ஆயா வர மாட்டாள் என்றே நினைத்தேன். பாதியாய் இளைத்து, குவளையும் கையுமாக வந்தாள். ஊற்றிக்கொண்டு படுத்தாள். பிரித்தனுப்பும் முறை என்னுடையது. மண்டியிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி நன்றாகவே ஓடியது. ஆனாலும் கையை விட மனசு வரவில்லை. எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

ஆயா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "இப்ப வேஷந்தாம்மா. கைய வுடு," என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அப்போதும் நான் அவளை நம்பவில்லை.