பாப்பா நடந்துவந்த படம்

நீளமான நடைகூடத்தின் கடைக்கோடியில், ரோஸ் நிற ஸ்வெட்டர் போட்ட ஆறு வயதுப் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். இந்தப் பக்கம் நான் கைப்பேசியைப் பிடித்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். படத்தில் வேறு ஆள் விழக்கூடாது என்பதால், அவளுடைய அப்பாவை எனக்குப் பின்னால் இருந்த கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கச் சொல்லியிருந்தேன். குளிருக்குக் கதவைச் சாத்தியிருந்தோம். நான் கைகாட்டியதும் அவள் கால்களை அகட்டி வைத்து, ஒவ்வோர் அடிக்கும் ஒரு பக்கம் சாய்ந்து, விழப்போகிறாள் என்று நினைக்கும்போது நிமிர்ந்து, என்னை நோக்கி வந்தாள். பாதி வழியில் நின்றாள். என் தலைக்கு மேலே, கண்ணாடிக்கு அப்பால் இருந்தவரைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்திருப்பார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் குழந்தைகளுக்கான நரம்பியல் மருத்துவர். மாதம் ஒருமுறை மலையேறிக் கொடைக்கானலில் ஒரு சிறு மருத்துவமனையில் உட்காருவேன். பாப்பாவின் அப்பா மேல்மலைப் பக்கத்துப் போளூர்க்காரர், தோட்டத்தில் பூண்டு போடுகிறவர். வெள்ளனே கிளம்பி, மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பார். என் அறைக்குள் பாப்பா வாயே திறக்க மாட்டாள். அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பாள். வலிப்பில் தொடங்கி, பிறகு நடையையும், பார்வையையும், பேச்சையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்ளும் அரிய நோய் அவளுக்கு. ஆனால் இவளுக்கு வலிப்பு வருவதற்கு வெகு முன்பே நடை தடுமாறியிருந்தது. பாடப்புத்தகத்தில் இல்லாத வரிசை. அப்படி ஒன்று கையில் கிடைத்துவிட்டால் எங்களுக்குக் கால் தரையில் பாவாது. உடனே அதை மருத்துவ இதழுக்கு எழுதியாக வேண்டும். அந்த எழுத்தில் நோயாளிக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, அப்பனும் ஆத்தாளும்கூடக் கிடையாது. வயது இருக்கும், காலும் கையும் மூளையும் இருக்கும். படம் போட்டால் முகத்தைக் கலைத்துவிட வேண்டும், குரலை எடுத்துவிட வேண்டும். குழந்தையை யாரும் அடையாளம் கண்டு வேடிக்கை பேசக்கூடாது என்பதற்கான நல்ல விதி. இப்போதும் அதை நல்ல விதி என்றுதான் சொல்வேன்.

சம்மதம் கேட்டபோது இதையெல்லாம் அவரிடம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “மூஞ்சிய எதுக்குங்க மறைக்கணும்? எம்புள்ள என்ன தப்பா பண்ணுச்சு?” என்றார். மறுபடி விளக்கினேன். “சரிங்க, இதப் போட்டா வேற புள்ளைகளுக்கு ஆகுமா?” என்று கேட்டார். வேறு மருத்துவர்கள் இந்த நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க உதவலாம் என்றேன். “அப்பப் போடுங்க டாக்டரம்மா” என்று கையெழுத்துப் போட்டார். படம் எடுத்து முடித்ததும், உங்களுக்கும் அனுப்பட்டுமா என்று கேட்டேன். பாப்பாவின் காலில் செருப்பை மாட்டிக்கொண்டே தலையாட்டி மறுத்தார். “வேணாங்க. இப்புடித் தள்ளாடி நடக்குறத வச்சு என்ன பண்றது? கொணமாகட்டும். நல்லா நடக்கையில நாங்களே எடுத்துக்குறோம்.” குணமாகாது என்று அவரிடம் அதற்கு முன்பே சொல்லியிருந்தேன். அவரும் கேட்டுத் தலையாட்டியிருந்தார். கேட்பதும் நம்புவதும் வேறு வேறு சோலி என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கட்டுரை வெளியானது. மருத்துவமனை விதிப்படி முகம் தெரிகிற மூலப் படம் எல்லா இடத்திலிருந்தும் அழிக்கப்பட்டது. என் நண்பர்கள் வாழ்த்தினார்கள், நான் கேக் வாங்கிக் கொடுத்தேன். அதற்குள் பாப்பா நடப்பதை நிறுத்தியிருந்தாள். அடுத்து கண் போனது, பேச்சு போனது. பெருமழை பெய்து சாலை அடைபட்ட ஒரு வாரத்தில், வீட்டிலேயே, அவர் மடியிலேயே போய்விட்டாள்.

சில மாதம் கழித்து அவர் தனியாக வந்தார். தோள் காலியாக இருக்கிற மனிதராக அவரை நான் பார்த்ததே இல்லை. நாற்காலியில் உட்காரவில்லை. “நீங்க எடுத்த படத்த ஒருக்காப் பாக்கணுங்க. எங்ககிட்ட அவ நடக்குற படமே இல்ல” என்றார். மூலப் படம் இல்லை என்பதைச் சொன்னேன். இதழில் இருப்பதையாவது காட்டுங்கள் என்றார். கணினியில் போட்டேன்.

ரோஸ் ஸ்வெட்டர் நடந்து வந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஈரக்கையால் தேய்த்த மாதிரி ஒரு கலங்கல். சத்தமில்லை. கீழே ஆங்கிலத்தில், தள்ளாட்ட நடை என்று எழுதியிருந்தது. அவர் குனிந்து திரைக்குக் கிட்டே போனார். “அவதான். அவ நடைதாங்க” என்றார். உலகத்துக்கு நான் நோயென்று காட்டிய ஒன்றில் அவர் மகளைக் கண்டுகொண்டார். பாதி வழியில் அவள் நின்றதும் விரலை நீட்டிக் கேட்டார்: “இந்த எடத்துல என்னமோ சொன்னாளே. கதவு சாத்திக் கெடந்ததுல எனக்குக் கேக்கல. உங்களுக்குக் கேட்டிருக்குமே, என்னங்க சொன்னா?”

பாதம் எந்தப் பக்கம் திரும்பியது, முழங்கால் எவ்வளவு மடங்கியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவள் சொன்னது ஞாபகமில்லை. நான் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதரின் முகத்துக்கு எதிரே அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. “‘அப்பா, நான் நடக்குறேன் பாருங்க’ன்னு சொன்னா” என்றேன்.

“அப்பான்னா சொன்னா?”

“ஆமாங்க.”

என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. எனக்காக வருத்தப்படுகிற பார்வையாக இருந்தது. “அவ என்னய ஒரு நாளும் அப்பான்னு கூப்புட்டதில்லைங்க. வீட்டுல பெரியவுக கூப்புடுறதக் கேட்டுக் கேட்டு, பேரச் சொல்லித்தான் கூப்புடுவா. திருத்திப் பாத்தோம், முடியல. அப்புறம் அதுவே நல்லாருக்குன்னு விட்டுட்டோம்.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பரவால்லங்க. இன்னொரு தடவ போடுங்க” என்றார். போட்டேன். கேட்ட போதெல்லாம் போட்டேன்.

அந்தப் படத்தை இன்று மருத்துவ மாணவர்களுக்கு வகுப்பில் காட்டுகிறேன். கால்களைக் கவனியுங்கள் என்று சொல்ல வேண்டிய இடம், சொல்கிறேன். சிலர் இதைப் பார்த்திருந்ததால் தங்களிடம் வந்த குழந்தையின் நோயைச் சீக்கிரம் பிடிக்க முடிந்தது என்று எழுதியும் இருக்கிறார்கள். அவர் கேட்டது நடக்கத்தான் செய்கிறது. ஆனால் பாதி வழியில் அவள் நிற்கும்போது நான் அந்த முகக் கலங்கலைப் பார்க்கிறேன். அந்த இடத்தில் அவள் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பாள். ஒரு சின்னப் பெண் பெற்ற தகப்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது என் காதில் விழுந்திருக்கும், எனக்குச் சிரிப்புக்கூட வந்திருக்கும். எவ்வளவு முயன்றாலும் அந்தக் குரல் எனக்குக் கேட்கவில்லை.