காமிரா முழுக்க என் முதுகு

வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடு. எங்கள் தெருவில் பச்சைப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். கல்யாணமான புதிதில் மாமி எனக்குச் சொல்லித் தந்த முதல் வேலையும் அதுதான். எங்கள் பிளாஸ்டிக் கடையின் ஷட்டர் சாவி பதினாறு வருஷமாக என் கைப்பையில் கிடப்பது கடை திறக்க மட்டுமல்ல.

என் வீட்டுக்காரருக்கு வருவது கீழே விழுந்து துடிக்கிற வலிப்பு இல்லை. பேசிக்கொண்டே இருப்பார், கண் நிலைகுத்திவிடும். வாய் எதையோ மெல்லும். ஓரிரு நிமிஷம்தான். அப்புறம் அவருக்கு எதுவுமே நினைவிருக்காது. உள்ளங்கையில் சாவி பதிந்த தடத்தைப் பார்த்துவிட்டுத்தான், "வந்துச்சா?" என்று கேட்பார்.

போன மழைக்காலத்தில் பெருங்களத்தூரில் ரோட்டைக் கடக்கும்போது நட்டநடுவில் அப்படியே நின்றுவிட்டார். பஸ் ஒரு சாண் தள்ளி நின்றது. டிரைவர் வாயில் வந்ததெல்லாம் திட்டினார். நானும் விடவில்லை, அழுதுகொண்டே திட்டினேன். மாத்திரைக்கு அடங்காத வலிப்பு. ஆபரேஷன் செய்யலாமா என்று சோதித்துப் பார்க்கத் தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

நல்ல சோதனை போங்கள்! தலை முழுக்க ஒயர் ஒட்டி, கட்டிலுக்கு நேராகக் காமிரா வைத்து, மாத்திரையைக் குறைத்துவிட்டு, வலிப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டும். வரக்கூடாது என்று இத்தனை வருஷம் துஆ கேட்டவள், இப்போது வரட்டும் என்று கேட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

"எந்தப் பக்கம் கிளம்புதுன்னு உறுதியாத் தெரியணும்மா. ஸ்கேன்ல வலது பக்கம் ஒரு தழும்பு இருக்கு. ரெண்டும் ஒத்துப்போனாத்தான் கத்தி வைக்க முடியும்," என்றார் டாக்டர். வந்தால் மணியை அழுத்தணும், போர்வையை விலக்கணும், குறுக்கே நிற்கக் கூடாது. சரி சரி என்று தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் காலை, இட்லியைப் பிட்ட கை அப்படியே நின்றது. மணியாவது கிணியாவது! பையைக் கவிழ்த்துச் சாவியை எடுத்து, அவர் இடது கைக்குள் திணித்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். விரல்கள் சாவியை இறுக்கின பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

டெக்னீஷியன் பெண் ஓடிவந்தாள். "இன்னாக்கா நீ! காமிரா முழுக்க உன் முதுகுதான் கீது. ஒயரு வேற ரெண்டு பிச்சிகினு வந்துடுச்சு."

"பின்னே, கை கட்டி வேடிக்கை பார்க்கச் சொல்றியா?" என்று எரிந்து விழுந்தேன்.

டாக்டர் கோபப்படவில்லை. "அந்தக் கை தானா என்ன செய்யுதுன்னு பார்க்கத்தாம்மா காத்திருக்கோம். ஒரு பக்கக் கை முறுக்கிக்கிட்டா, வலிப்பு பெரும்பாலும் எதிர்ப்பக்க மூளையில இருந்து கிளம்பும். நீங்க பிடிச்சுக்கிட்டா எனக்கு எப்படித் தெரியும்? இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம். வரலைன்னா வீட்டுக்குப் போயிட்டு, அப்புறம் முதல்ல இருந்துதான்."

நானே கெடுத்துவிட்டேனே! வீட்டுக்காரரோ, "விடு, உன் கை பழகிப்போச்சு," என்றார், அவ்வளவுதான். மறுநாள் ஒன்றும் வரவில்லை.

கடைசி நாள் மதியம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். கண் நின்றுவிட்டது. மணியை அழுத்தினேன், போர்வையை இழுத்தேன், சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டேன். சாவி என் கையில்தான் இருந்தது.

"அண்ணா, மாம்பழம். ஞாபகம் வச்சிக்கோங்க," என்றாள் டெக்னீஷியன். வலிப்பில் சொன்னது பிறகு நினைவிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் சொல் அது. அவர் காதில் விழவில்லை.

பதினாறு வருஷத்தில் அன்றுதான் அவருடைய வலிப்பை முழுசாகப் பார்த்தேன். இடது கை தானாக மேலே எழும்பி, முறுக்கிக்கொண்டு, இறுகியது. உள்ளே சாவி இல்லை, ஆனாலும் அதே இறுக்கம்தான். வலது கை படுக்கை விரிப்பைப் பிடுங்கிப் பிடுங்கி எதையோ தேடியது. என்னைத்தான் தேடுகிறது என்று எனக்குத் தோன்றியது. ஓடிப் போய்ப் பிடித்துக்கொள்ள மனசு கிடந்து அடித்துக்கொண்டது. நகரவில்லை நான்.

"ரொம்பத் தெளிவாக் கிடைச்சிருக்கு. ஸ்கேனோட ஒத்துப்போகுது," என்றார் டாக்டர்.

அவருக்கு நினைவு திரும்பக் கொஞ்ச நேரமானது. மாம்பழம் நினைவில் இல்லை. இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தடம் எதுவும் இல்லை. முகம் தொங்கிப்போனது.

"இன்னைக்கும் வரலியா?"

என் கையை விரித்துக் காட்டினேன். சாவியின் பல் ஒவ்வொன்றும் அதில் சிவப்பாகப் பதிந்திருந்தது.