துவைக்கக்கூடாத போர்வை

என் அம்மா தன் வாழ்நாளில் செய்த தவறுகளிலேயே மிகவும் சுத்தமான தவறு, ஒரு போர்வையைத் துவைத்ததுதான். அதை மூடி மறைக்க அவள் என்னைப் பயன்படுத்திக்கொண்டாள். எனக்கு அப்போது பத்து வயது. பயன்படுத்துகிறார்கள் என்றுகூடத் தெரியாமல் பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன்.

போர்வையை அனுப்பியது அத்தை, அப்பாவின் தங்கை. கல்யாணமாகி மாமாவோடு ஜெர்மனிக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிச் சலித்த பிறகு, தத்து எடுப்பது என்று இருவரும் முடிவு செய்தார்கள். எடுத்தால் நம் பக்கத்துக் குழந்தையாக இருக்க வேண்டும் என்பது அத்தையின் ஆசை. இரண்டு நாட்டு அதிகாரிகளும் கேட்ட காகிதங்களை எல்லாம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஒரு நாள் அப்பாவின் போனுக்கு ஒரு படம் வந்தது. மொட்டைத் தலையோடு, இரண்டு வயது இருக்கும், காமிராவைக் கோபமாக முறைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண் குழந்தை. அது இருந்த காப்பகம் எங்கள் ஆரணியிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரம். அப்பா அன்று தறியில் உட்காரவே இல்லை. தெரு முழுக்கப் படத்தைக் காட்டிக்கொண்டு திரிந்தார்.

அத்தையும் மாமாவும் வந்து சேர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதற்கு முன்பாக ஒரு பார்சல் வந்தது. நாங்கள் அதைக் காப்பகத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். உள்ளே ஒரு சின்னப் போட்டோ ஆல்பம், ஒரு முயல் பொம்மை, ஒரு மஞ்சள் போர்வை. ஆல்பம் முழுக்க அத்தையும் மாமாவும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். போர்வைதான் அம்மாவுக்கு உறுத்தியது. அது புதுசு இல்லை. கசங்கியிருந்தது. மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு அம்மா முகத்தைச் சுளித்தாள்.

"பார்சல் கட்டுற அவசரத்துல தொவைக்காமயே வச்சி அனுப்பிட்டா போல," என்றாள்.

எங்கள் தெருவில் ஒருவர் போர்த்திய துணியைத் துவைக்காமல் குழந்தை மேல் போட மாட்டார்கள். அதிலும் எங்களுக்குத் துணி என்றால் ஒரு மரியாதை. அப்பா விரலால் தேய்த்துப் பார்த்து, மிஷின் துணிதான், நூல் பரவாயில்லை என்று சான்றிதழ் கொடுத்தார். அம்மா அதற்குப் பட்டுப் புடவைக்குச் செய்கிற உபசாரத்தை எல்லாம் செய்தாள். பூந்திக்கொட்டையை ஊறவைத்து, நுரை எடுத்து, அடிக்காமல் கசக்கி, மூன்று தண்ணீரில் அலசி, வெயில் படாமல் பின்கட்டில் நிழலில் உலர்த்தினாள். இப்படி ஒரு சலவையை அந்த ஜெர்மன் போர்வை கனவிலும் கண்டிருக்காது.

சாயங்காலம் அத்தை போன் செய்தாள். பார்சல் வந்ததா என்று கேட்டுவிட்டு அடுத்த வாக்கியத்திலேயே விஷயத்துக்கு வந்தாள்.

"அந்தப் போர்வைய மட்டும் தொவைச்சிடாதீங்க அண்ணி. நாப்பது நாளு அத கட்டிப்புடிச்சிகினு படுத்திருக்கேன். என் வாசன கொழந்தைக்குப் பழகட்டும்னு காப்பகத்துல சொன்னாங்க. அப்பதான் நான் வந்து தூக்கசொல்ல பயப்படாதாம்."

அம்மாவின் முதுகுக்குப் பின்னால் கொடியில் போர்வை சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா அதைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் இன்னாத்துக்கும்மா தொவைக்கப் போறேன்," என்றாள்.

போனை வைத்ததும் வீட்டில் பேஜார் ஆரம்பமானது. உண்மையைச் சொல்லிவிடு என்றார் அப்பா. இத்தனை வருடம் ஏங்கியவளிடம் உன் நாற்பது நாளைச் சாக்கடையில் ஊற்றிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது என்றாள் அம்மா. வேறொன்று அனுப்பச் சொன்னால் இன்னொரு நாற்பது நாள், அதற்குள் அவர்களே வந்துவிடுவார்கள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். கூடப் பிறந்தவர், ஒரே ரத்தம், வாசனையும் ஒன்றாகத்தானே இருக்கும் என்பது அவள் கணக்கு.

"ரத்தத்துக்கும் வாசனைக்கும் இன்னாமே சம்பந்தம்?" என்று அப்பா கேட்டார். கேட்டாலும் மறுக்கவில்லை. இரண்டு நாள் போர்த்திக்கொண்டு படுத்தார். மூன்றாம் நாள் அம்மா முகர்ந்து பார்த்தாள். போர்வையில் தைல வாசனை தூக்கி அடித்தது. நாளெல்லாம் தறிக்குழியில் மிதித்த கால்களுக்கு அப்பா தினமும் தைலம் தேய்த்துக்கொள்வார் என்பதை இருவருமே மறந்துவிட்டிருந்தார்கள். போர்வை இரண்டாவது முறையாகப் பூந்திக்கொட்டைக்குள் இறங்கியது.

அடுத்து என் முறை. நான் அப்படியே அத்தை ஜாடை என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். மூக்கும் நெற்றியும் அத்தையுடையது என்றால் வாசனை மட்டும் எங்கே போய்விடும். பத்து நாள் அந்தப் போர்வை என்னிடம் இருந்தது. அதில் சுருண்டு தூங்கினேன், அதைப் போர்த்திக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதினேன், அம்மா பார்க்காதபோது முறுக்குத் தின்றேன். ஜெர்மனியிலிருந்து வந்த பெரிய வேலை ஒன்றை என்னை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டேன். என்ன வேலை என்று கேட்டவர்களிடம், ரகசியம் என்று சொன்னேன்.

பிறகு போர்வையை ஒரு புடவைப் பெட்டியில் மடித்து வைத்துக் காப்பகத்தில் கொடுத்துவிட்டு வந்தோம்.

அத்தையும் மாமாவும் வந்த மறுநாள் வாடகைக் காரில் எல்லோரும் காப்பகத்துக்குப் போனோம். அப்பா தன் கையால் நெய்த மாம்பழக் கலர்ப் பட்டுப் புடவையை அத்தை கட்டியிருந்தாள். தலை நிறைய மல்லிகை. ஏதோ வெளிநாட்டு சென்ட். வழியெல்லாம் உள்ளங்கை வியர்த்து வியர்த்துப் புடவை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

காப்பகத்தைப் பார்த்துக்கொண்ட அம்மாள் குழந்தையை நடத்திக் கூட்டி வந்தார். மொட்டைத் தலையில் ஒரு விரற்கடை முடி முளைத்திருந்தது. ஒரு கையில் மஞ்சள் போர்வை தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது. அத்தை மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தை அத்தையைப் பார்த்தது. பட்டுப் புடவையைப் பார்த்தது. உதடு பிதுங்கியது. பிறகு நேராக என்னிடம் வந்து என் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

எல்லோரும் சிரித்தார்கள். குழந்தைகள் குழந்தைகளிடம்தான் முதலில் போகும் என்று காப்பக அம்மாள் சமாதானம் சொன்னார். அத்தையும் சிரித்தாள். அவள் நீட்டிய கைகள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. நானோ உலகத்தையே ஜெயித்துவிட்டவள் மாதிரி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது அந்த அம்மாள் அத்தையிடம் ஒன்று சொன்னார். "இப்பத்திக்கு உங்க பொறுப்புல அனுப்புறோம்மா. மூணு வாரம் கழிச்சி ஆபீசர் வீட்டுக்கு வருவாங்க. கொழந்த அம்மாகிட்ட ஒட்டிச்சா இல்லையான்னு பாத்துதான் கோர்ட்டுக்கு எழுதுவாங்க." அத்தை தலையை ஆட்டினாள்.

காலாண்டு லீவு என்பதால் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. நாள் முழுக்கப் பாப்பா என் இடுப்பில்தான் இருந்தது. நான் ஊட்டினால் வாயைத் திறக்கும். அத்தை ஊட்டினால் மூடிக்கொள்ளும். தறி சத்தம் போட்டால் ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். மாமா குரங்கு மாதிரி குதித்துக் காட்டினார். அதற்காவது சிரித்தது. அத்தையை மட்டும் தூரத்தில் நின்று, போட்டோவில் முறைத்த அதே முறைப்போடு பார்த்தது. நான் கர்வம் தாங்காமல், 'அதுக்கு என்னத்தான் புடிக்கும் அத்த' என்று அத்தையிடமே சொன்னேன்.

ஐந்தாம் நாள் காலை. அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். பருப்புசாதக் கிண்ணத்தோடு அத்தை அடுக்களைக்கு வந்தாள். சாதம் அப்படியே இருந்தது.

"அதுக்கு என்னைப் புடிக்கல அண்ணி," என்றாள். "காயிதம் எல்லாம் குடுத்தா அம்மா ஆயிடலாம்னு நெனச்சிட்டேன். அது இருந்த எடத்துல நிம்மதியா இருந்திருக்குமோ இன்னாவோ."

அம்மாவின் கையிலிருந்து மொச்சை சிதறியது. அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பூந்திக்கொட்டை, நிழலில் உலர்த்தியது, அப்பா இரண்டு நாள் படுத்தது, கடைசியில் நான். அறையில் தறிச் சத்தம் நின்றது. "தைலத்தையும் சொல்லிட்டியா?" என்று அப்பாவின் குரல் மட்டும் வந்தது.

அத்தை அம்மாவைப் பார்த்தாள். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தாள். அடிதான் விழப்போகிறது என்று நினைத்தேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். என்னவென்று கேட்டு வந்த மாமாவுக்கு மூன்று முறை சொல்ல முயன்றும் அவளால் முடியவில்லை. அம்மாவே அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டாள்.

அத்தை சிரித்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்:

"உன் அழுக்குத் துணி எங்கடி இருக்கு?"

அன்றிலிருந்து அத்தை என்னைக் காப்பியடிக்க ஆரம்பித்தாள். வெளிநாட்டு சோப்பு, ஷாம்பு, சென்ட் எல்லாம் மூட்டையாகக் கட்டிப் பரண்மேல் ஏறின. என் சோப்பில் குளித்தாள். என் தேங்காய் எண்ணெயைத் தலையில் வைத்தாள். என் பவுடரைப் பூசிக்கொண்டாள். துவைக்கப் போட்டிருந்த என் பழைய போர்வையை எடுத்துச் சால்வை மாதிரி தோளில் போட்டுக்கொண்டே திரிந்தாள். என் பாயில், என் தலையணையில், எனக்கும் பாப்பாவுக்கும் நடுவில் படுத்தாள். எதையும் துவைக்கக்கூடாது என்று அம்மாவுக்கு உத்தரவு. அம்மாவுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அழுக்குக் கூடையைக் கடக்கும்போதெல்லாம் பெருமூச்சு விட்டாள்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, நான் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அறையில் அத்தை மல்லாந்து படுத்திருந்தாள். அவள் மார்மேல் பாப்பா குப்புறப் படுத்து, கழுத்துக்குழியில் மூக்கை நுழைத்துக்கொண்டு தூங்கியது. மஞ்சள் போர்வை ஒரு மூலையில் கிடந்தது. அத்தை என்னைப் பார்த்தும் அசையவில்லை. மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமான முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அது என் வாசன," என்றேன். "நான்னு நெனச்சிகினுதான் தூங்குது."

"ஆமாண்டி கண்ணு," என்றாள் அத்தை, கிசுகிசுப்பாக. "உன்னுதுதான். கொஞ்ச நாளு நான் வச்சிக்கிறேன்."

அந்தக் கொஞ்ச நாளில் எல்லாம் மாறிவிட்டது. பாப்பா அத்தை கையால் ஒரு வாய் வாங்கியது, பிறகு ஒரு கிண்ணம். தறிச் சத்தத்துக்கு அத்தையின் காலைக் கட்டிக்கொண்டது, அப்புறம் பயம் போய்த் தறிக்குழியில் இறங்கி அப்பாவின் காலைக் கிள்ளியது. மூன்று வாரம் கழித்து அந்த ஆபீசர் அம்மா ஃபைலோடு வந்தபோது, பாப்பா ஓடிப்போய் அத்தையின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது. அவர் ஃபைலில் ஏதோ எழுதினார். அம்மா அவருக்குக் கட்டாயப்படுத்தி இரண்டாவது டம்ளர் காப்பி கொடுத்தாள். கோர்ட் உத்தரவும் பாஸ்போர்ட்டும் வருகிறவரை மாமா மட்டும் வேலைக்காக முன்னால் போனார். அத்தை லீவை நீட்டிக்கொண்டு இருந்தாள். எல்லாம் கைக்கு வந்த அன்று, அப்பா பாஸ்போர்ட்டில் இருந்த பாப்பாவின் படத்தைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார்.

சென்னை விமான நிலையத்தில் பாப்பா அத்தையின் இடுப்பிலிருந்து எனக்கு டாட்டா காட்டியது. கூட வரச் சொல்லி அழும் என்று எதிர்பார்த்து, ஆறுதல் சொல்வதற்கு நான் வாக்கியங்கள் தயாராக வைத்திருந்தேன். அது அழவில்லை. நான்தான் ஆரணி வருகிற வரைக்கும் அழுதேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வீடியோவில் வந்தாள். எங்கள் மூவர் தலையும் அப்பாவின் போனுக்குள் முட்டிக்கொண்டன. பாப்பா ஆளே மாறிவிட்டிருந்தது. சுருட்டை முடி, குண்டுக் கன்னம், கம்பளி உடுப்பு. அத்தை வேறு ஏதோ சோப்புப் போட்டுக் குளித்தவள் மாதிரி பளபளவென்று இருந்தாள். நான் போனைப் பிடுங்கி, "பாப்பா, அக்காடி, அக்காவப் பாரு," என்றேன்.

பாப்பா என்னைப் பார்த்தது. அடையாளமே இல்லாமல் பார்த்தது. நான் இன்னும் கிட்டே போய்க் கூப்பிட்டேன். அதன் உதடு பிதுங்கியது. சட்டென்று திரும்பி, "அம்மா" என்று அத்தையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. எவ்வளவு கூப்பிட்டும் திரும்பவில்லை.

நான் அழ ஆரம்பித்தேன். துணைக்கு யாராவது அழுவார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். அப்பா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். போனுக்குள் அத்தை சிரித்துக்கொண்டே அழுதாள். அம்மா அடுக்களைக்கு ஓடிப்போய்ச் சர்க்கரை டப்பாவோடு வந்து, முதல் பிடியை என் வாயில் போட்டாள். நான் துப்பிவிட்டேன். அந்தக் குழந்தை என்னைச் சுத்தமாக மறந்துபோனதற்கு இந்த வீட்டில் எதற்காகச் சர்க்கரை கொடுக்கிறார்கள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.