முசஃபாவுக்கு வந்த எம்.எல்.ஏ.வின் குரல்

அபுதாபிப் பக்கத்தில் முசஃபாவில் இரும்புக் கூரைகள் செய்யும் ஒரு கம்பெனியில் ஒன்பது வருடம் எச்.ஆர். வேலை பார்த்தேன். கம்பெனியை மூடப்போகிறோம் என்ற அறிவிப்பை டைப் செய்தவள் நான்தான். தொழிலாளர்கள் தங்கியிருந்த கேம்ப்புக்கு எடுத்துப்போய் இந்தியிலும் தமிழிலும் படித்துச் சொன்னதும் நான்தான்.

"ஒரே மாசம். எல்லாருக்கும் கணக்கு முடிச்சு டிக்கெட் குடுத்துருவாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். முதலாளி என்னிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார். நானும் நம்பினேன்.

ஆர்டர்கள் வறண்டுபோன காலம் அது. அக்கம்பக்கத்து பட்டறைகளிலும் ஷட்டர்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு மாதம் மூன்று மாதமானது. முதலாளி போனை எடுக்கவே இல்லை. சாமர்த்தியமும் ஆள்பழக்கமும் இருந்தவர்கள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். கேம்ப்பில் பதினோரு தமிழர்கள் மிஞ்சினார்கள். அவர்களுடைய விசா முடிந்திருந்தது. பாஸ்போர்ட்டுகள் பூட்டிக் கிடந்த ஆபீசுக்குள் இருந்தன.

எனக்குப் பெரிய கஷ்டம் இல்லை. கணவருக்கு வேலை இருந்தது. என் விசாவும் அவர் பெயரில்தான். அதனாலேயே எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சனிக்கிழமைதோறும் இரண்டு பெரிய பாத்திரங்களில் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கும் செய்து, கணவரோடு காரில் எடுத்துப்போவேன். அவர்கள் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று தோன்றும்.

அந்தப் பதினோரு பேரில் ஒருவர் வெல்டர். நாற்பத்தைந்து வயதிருக்கும். தென்மாவட்டத்துக்காரர். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தட்டை எடுப்பார். ஒரு சனிக்கிழமை, பாத்திரங்களைக் கழுவிக் காரில் வைத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மேடம், எங்க தொகுதி எம்.எல்.ஏ.வுக்குச் சொல்லிப் பாப்பமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவரு உங்க ஊர்ல ரோடு போட்டிருக்காரா? அபுதாபில வந்து என்ன செய்வாரு?"

"ரோடு போடலதான் மேடம். ஆனா எங்க சித்தப்பா மவன் சவூதில செத்தப்ப, பாடியக் கொண்டாந்து சேத்தது அவருதான்."

நான் போனை எடுத்து அவர் தொகுதியின் பெயரைக் குறித்துக்கொண்டேன்.

"ஒண்ணே ஒண்ணு" என்றார். "வீட்டுக்கு மட்டும் தெரிய வேணாம். நான் டூட்டிக்குப் போயிட்டு வாரதாத்தான், சம்பளம் மட்டும் லேட்டாகுதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

பிறகுதான் மற்றவர்கள் சொன்னார்கள். மனைவியோடு வீடியோவில் பேசும்போதெல்லாம் அவர் பழைய யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்வாராம்.

எம்.எல்.ஏ. அலுவலகத்தின் எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்தேன். உதவியாளர் ஒருவர் எடுத்தார். வெல்டர் வீட்டுக்குத் தெரியக்கூடாது என்பதை முதலிலேயே சொன்னேன். விவரங்களைக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், நடுவில் நிறுத்தினார்.

"பதினோரு பேரும் நம்ம தொகுதியாம்மா?"

"இல்ல சார். நாலு பேருதான்."

"அப்ப அய்யாகிட்ட கேட்டுத்தான் சொல்லணும்" என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான், இனி கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் என் வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். வாட்ஸ்அப் வழியாகப் பேச அமீரகத்தில் வழியில்லை; வீடியோவில் பேசக்கூடக் காசு கட்டும் வேறு ஆப் வேண்டும். இப்படிக் குரலை அனுப்பலாம், அவ்வளவுதான். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. ஏதோ கல்யாண மண்டபத்தில் இருந்து பேசியிருக்கிறார். கரகரத்த குரல்.

"தங்கச்சி, எம்.எல்.ஏ. பேசுறேன்மா. நாலு பேருக்கு எழுதிட்டு ஏழு பேர விட்டா நல்லாவா இருக்கும்? எல்லார் பேரையும் அனுப்பி வைங்க. நான் எதிர்க்கட்சி. என் லெட்டரப் பாத்து ஆபீஸ்ல யாரும் எந்திரிச்சு நிக்க மாட்டாங்க. ஆனா நான் போய்க்கிட்டே இருப்பேன். அது மட்டும் எனக்கு நல்லா வரும்."

போய்க்கொண்டேதான் இருந்தார். சென்னையில் அயலகத் தமிழர் நலனைப் பார்க்கும் துறைக்கு ஒரு கடிதம், மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று, இங்கே தூதரகத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் படமெடுத்து எனக்கு அனுப்பினார். அடுத்து யாரைப் பார்க்கப் போகிறார் என்பதையும் குரலில் சொல்வார். இரண்டு வாரத்தில் தூதரகத்திலிருந்து ஓர் அதிகாரி கேம்ப்புக்கே வந்து பதினோரு பேரிடமும் மனு வாங்கிக்கொண்டார். தொழிலாளர் துறையில் புகாரைப் பதிவு செய்ய நானும் கூடப் போனேன். அன்றைக்கு யாரோ ஒருவர் எல்லோருக்கும் ஏலக்காய் மணக்கும் கரக் டீ வாங்கிக் கொடுத்தார்.

மூன்று நாள் கழித்து, மாலை நான்கு மணிக்கு வெல்டர் கூப்பிட்டார். "போன்ல ஒரு போட்டோ அனுப்பிருக்கேன் மேடம்" என்று மட்டும் சொன்னார்.

படத்தில் அவர் வீட்டு வாசல். கட்சித் துண்டு போட்ட ஐந்து பேர் சிரித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் அவர் மனைவி, கையில் ஓர் அரிசி மூட்டையின் ஓரத்தைப் பிடித்தபடி, யாரையும் பார்க்காமல். கீழே 'வெளிநாட்டில் வேலையிழந்து தவிப்பவரின் குடும்பத்துக்கு உதவிக்கரம்' என்று எழுதியிருந்தது. ஊர் வாட்ஸ்அப் குழு முழுக்கப் போயிருந்தது. கணவருக்கு வேலை போன செய்தி அந்த அம்மாவுக்குத் தெரிந்ததே அந்த மூட்டை வந்து இறங்கியபோதுதான்.

அவள் அவரிடம் ஒரே கேள்விதான் கேட்டாளாம். "நேத்து டூட்டி முடிஞ்சு வந்தேன்னு சொன்னீங்களே, எங்கேருந்து வந்தீங்க?"

நேராக எம்.எல்.ஏ.வின் எண்ணுக்கே அழைத்தேன். அவரே எடுத்தார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மரியாதை இல்லாமலும் பேசினேன்.

"அரிசியக் குடுக்கச் சொன்னது நான்தான்மா" என்றார் கடைசியில். "வீட்டுக்குத் தெரியாதுன்னு நீங்க முதல்லயே சொல்லிருந்தீங்க. நான் அத பசங்ககிட்ட சொல்லல. தப்பு என்னோடது."

"போட்டோ எதுக்கு சார்?"

"போடலன்னா ஒண்ணும் செய்யலன்னு சொல்வாங்க. போட்டா இப்படி ஆகுது. இருங்க, அத எடுத்துடச் சொல்றேன்."

ஒரு மணி நேரத்தில் குழுவிலிருந்து படத்தை நீக்கிவிட்டார்கள். ஆனால் பார்த்தவர்கள் பார்த்தவர்கள்தானே.

அடுத்த நாள் நடந்ததை அந்த அம்மாவே பின்னர் எனக்குப் போனில் சொன்னாள். எம்.எல்.ஏ. தனியாக வந்திருக்கிறார். டிரைவர்கூட காரைவிட்டு இறங்கவில்லை. அவள் உட்காரச் சொல்லவில்லை. "அந்த மூட்டைய எடுத்துட்டுப் போயிருங்க" என்றிருக்கிறாள். அவர் நின்றபடியே, "எடுத்துக்கிறேன்மா. வேற என்ன கஷ்டம், அதச் சொல்லு" என்று கேட்டிருக்கிறார். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தாளாம். ஆனால் நர்சிங் கடைசி வருடம் படிக்கும் மகளுக்கு, ஃபீஸ் கட்டாததால், கல்லூரியில் ஹால் டிக்கெட் தராமல் வைத்திருந்தார்கள். பரீட்சைக்கு ஐந்து நாள்தான் இருந்தது. சொல்லிவிட்டாள்.

"அங்கனயே நின்னு காலேஜுக்குப் போன் போட்டாரு அக்கா. எம்.எல்.ஏ. பேசுற மாதிரியே இல்ல. கெஞ்சுனாரு. 'புள்ளயப் பரீட்சை எழுத விடுங்க, மத்தது எம்பொறுப்பு'ன்னாரு. அதுக்கப்பறந்தான் நான் நாற்காலி எடுத்துப் போட்டேன்."

மகள் பரீட்சை எழுதினாள். புருஷனோடு அந்த அம்மா நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவளாகவே வீடியோவில் வந்து, "அந்த யூனிஃபார்மக் கழட்டிட்டு வந்து பேசுங்க" என்றாளாம். இதை என்னிடம் சொல்லும்போது வெல்டர் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார்.

எல்லாம் முடிய இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. தொழிலாளர் துறை ஆட்கள் ஆபீசைத் திறந்து பாஸ்போர்ட்டுகளை எடுத்துக் கொடுத்தார்கள். வரவேண்டிய சம்பளத்தில் ஒரு பகுதி வந்தது. நான்கு பேருக்கு ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. ஏழு பேர் ஊருக்குப் போனார்கள். வெல்டர் அதில் ஒருவர்.

ஊருக்குப் போனதும் எம்.எல்.ஏ.வைப் பார்த்தீர்களா என்று போனில் கேட்டேன்.

"போனேன் மேடம். என்ன மாதிரி முப்பது நாப்பது பேரு உக்காந்திருந்தாங்க. ஒருத்தருக்கு ரேஷன் கார்டு, ஒருத்தருக்கு ஆஸ்பத்திரி. என் முறை வந்ததும் அவருதான் எந்திரிச்சு வந்து, போட்டோவுக்கு மன்னிச்சுக்கங்கன்னாரு. எனக்கு அழுகை வந்துருச்சு. கோவமும் இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன்."

இப்போது பக்கத்து ஊர்ப் பட்டறையில் கேட் செய்கிறார். முன்பு கிடைத்ததில் பாதிகூட வராது என்றார். ஆனால் மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போகிறாராம்.

போன வாரம் என் போனில் மறுபடி அந்தக் கரகரத்த குரல்.

"தங்கச்சி, நம்ம தொகுதிப் பொண்ணு ஒண்ணு, பஹ்ரைன்ல வீட்டு வேலைக்குப் போன இடத்துல சம்பளமில்லாம மாட்டிக்கிட்டு இருக்கு. வீட்டுக்குத் தெரியாது. நானும் யார்கிட்டயும் சொல்லல. அங்க உங்களுக்கு யாராச்சும் பழக்கம் உண்டா?"

என்னோடு கல்லூரியில் படித்த ஒருத்தி பஹ்ரைனில் ஈசா டவுனில் டீச்சராக இருக்கிறாள். பள்ளிக்கூடம் விடும் நேரம்தான். உடனே அவளுக்குப் போன் அடித்தேன்.