மில்லிரெம்மில் முதலிடம்

கதிர்வீச்சு அதிகமாக வாங்கியதற்காக ஆஸ்பத்திரி முழுக்க குலாப் ஜாமூன் கொடுத்த முட்டாள் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ரேடியேஷன் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம்.

எழுபதுகளின் கடைசியில், காரைக்காலில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு எக்ஸ்ரே டார்க்ரூம் வேலை. பக்கத்து அறை ரேடியம் ரூம். புற்றுநோய்க்காரர்களுக்கு வைக்கும் ரேடியம் ஊசிகளை ஈயப் பெட்டியிலிருந்து எடுத்து, நூல் கோத்து, ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்புகிற இடம். அதைச் செய்தவர் பக்கத்து ஊரான டி.ஆர். பட்டினத்து பஷீர் பாய். நெஞ்சில், உடம்பில் விழும் கதிர்வீச்சை அளக்கிற ஃபிலிம் பேட்ஜ்; கையில் முழ நீள ஃபோர்செப்ஸ் இடுக்கி. டாக்டர் என்னை 'ஏய்' என்பார். அவரை 'வாங்க பஷீர்' என்பார். டீயில்கூட அவருக்குத்தான் சர்க்கரை தூக்கலாக விழும். எனக்கு வயிறு எரிந்தது. அதை அளக்க மட்டும் எந்த பேட்ஜும் கிடையாது.

கெஞ்சிக் கூத்தாடி அங்கே உதவியாளாகப் போனேன். முதல் பேட்ஜ் முடிவு வரும்வரை பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வேன் என்றார் டாக்டர். என் லட்சியமோ பாயை முந்துவது. அவர் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று, கையை முழுக்க நீட்டி, எதிரே வைத்த கண்ணாடியில் பார்த்தே கோத்துவிடுவார். எனக்கு நூல் நுழைந்தால்தானே? தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தேன். ஃபோர்செப்ஸை நுனிக்குப் பக்கத்தில் பிடித்தேன். அப்படியும் அவருக்கு ஓர் ஊசி பின்னால்தான்.

"டே கலியா, பொண்ணு பாக்கப் போனவன் மாதிரி என்னத்த எட்டி எட்டிப் பாக்குறே? பின்னால வாடா."

பாய்க்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அளப்பதற்காக பம்பாய்க்குப் போன பேட்ஜ்களின் முடிவு வந்தது. வாங்கிய கதிர்வீச்சை மில்லிரெம் கணக்கில் எழுதியிருந்தார்கள். பாயைவிட எனக்கு மூன்று மடங்கு மில்லிரெம்! செய்த வேலைக்கு மார்க் போட்டிருக்கிறார்கள் என்றே நம்பினேன். கடைத்தெருவுக்கு ஓடி ஜாமூன் வாங்கிவந்தேன். பாய்க்கு மட்டும் இரண்டு.

"என்ன கலியபெருமாள், வீட்ல புள்ள பொறந்துருக்கா?" என்றார் சிஸ்டர்.

"பாயை முந்திட்டேன் சிஸ்டர்!"

டாக்டர் வந்தார். ஜாமூனைத் தொடவில்லை. "ஏய், ஒரே ஊசி, ஒரே வேலை. அவருக்கு ஒரு பங்கு, உனக்கு மூணு பங்குன்னா என்னய்யா அர்த்தம்?"

"நான் மூணு ஆள் வேலை பாத்துருக்கேன் சார்."

ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். ரத்தம் நன்றாகத்தான் இருந்தது. ரேடியம் ரூம்தான் போயிற்று. மறுபடியும் டார்க்ரூம்.

பாயின் வேகம் எங்கிருந்து வந்தது என்று அதற்கப்புறம்தான் பார்த்தேன். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் ரேடியம் இல்லாத வெற்று ஊசிகளை வைத்து, அதே தடுப்புக்குப் பின்னால், அதே கைநீட்டத்தில் கோத்துக் கோத்துப் பழகுவார். இந்தத் தொழிலில் வேகம் வேண்டும்தான். ஆனால் ஈயத்தையும் தூரத்தையும் விட்டுக்கொடுத்து வாங்குகிற வேகத்துக்கு உடம்புதான் விலை. இது புரிந்த பிறகு என் பொறாமை குறைந்திருக்க வேண்டும். இரட்டிப்பாயிற்று.

ஒருநாள் பொறுக்க முடியாமல், அவர் நிஜ ஊசிகளைக் கோத்துக்கொண்டிருக்கையில் உள்ளே போய் அவர் தோளை ஒட்டி நின்றேன்.

"பாய், டாக்டர்ட்ட நீங்க ஒரு வார்த்த சொன்னா என்னைத் திரும்ப எடுத்துக்குவாரு. நான்தான் எல்லாம் கத்துக்கிட்டேனே!"

பாய் திரும்பவில்லை.

"தள்ளி நில்லு."